குளிர்ந்த கை

கத்திரி காற்றை வெட்டவில்லை. விடுமுறை நாளில் கணவரின் முடிதிருத்தும் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனவள், டப்பாவை ஜன்னலோர மேசைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது முதலில் கவனித்தது அதைத்தான். முடிதிருத்துகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சீப்பு முடியை வாரி எடுப்பதற்கும் கத்திரி அதை நறுக்குவதற்கும் இடையில் கிடைக்கும் சின்ன அவகாசத்தில் கத்திரி சும்மா இருப்பதில்லை. வெறும் காற்றை இரண்டு முறை வெட்டிக்கொள்ளும். கல்யாணமான புதிதில் அவள் இதைக் கேட்டிருக்கிறாள். "வெறும் காத்துல என்னத்த வெட்டுறீங்க?" அதற்கு அவள் கணவர், "சிக்னல்ல வண்டி நின்னாலும் எஞ்சின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கும்? அந்த மாதிரி" என்றார். தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். நாளடைவில் அவள் மனத்துக்குள்ளும் அவர் மாஸ்டராகவே ஆகிவிட்டார்.

இன்று எஞ்சின் நின்றிருந்தது. சீப்பு எழுந்தது, கத்திரி காத்திருந்தது, வெட்டியது, மறுபடியும் காத்திருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே ஒரு மௌனம். வேறு யார் காதிலும் அது விழுந்திருக்காது. அவள் மருத்துவமனையில் நரம்புப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். மனித உடம்புக்குள் ஓடும் மின்சாரத்தை அலையாகத் திரையில் பார்ப்பதும் ஒலியாகக் காதில் கேட்பதும்தான் அவள் தொழில். ஓசையைவிட ஓசை நின்றுபோன இடங்களைக் கவனிக்கப் பழகியவள். கண் தானாக அவர் வலது கைக்குப் போயிற்று. புறங்கையில், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மேடிட்டிருக்க வேண்டிய தசை, ஈரக் களிமண்ணில் யாரோ விரல் வைத்து அழுத்தியதுபோல் உள்வாங்கியிருந்தது. எப்போது வந்தது இந்தப் பள்ளம்? ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்குகிறவர்கள் ஒருவர் உடம்பை மற்றவர் பார்ப்பதை எப்போதோ நிறுத்திவிடுகிறார்கள். முன்பின் அறியாதவர்களின் கைகளையெல்லாம் விளக்கொளியில் திருப்பித் திருப்பிப் பார்க்கிற தான், இந்தக் கையைப் பார்க்கத் தவறியது அவளுக்கு உறைத்தது.

"கை வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலியெல்லாம் இல்ல. சோம்பேறியாயிடுச்சு. மொதலாளியப் பாத்துக் கத்துக்கிட்டிருக்கும்."

இரண்டாவது நாற்காலியில் செய்தித்தாள் விரித்திருந்த பெரியவர் தலையைத் தூக்கினார். ஓய்வுபெற்ற தபால்காரர். முடிவெட்ட வருகிற நாளைவிட வெறுமனே உட்கார வருகிற நாள்தான் அவருக்கு அதிகம். "நீங்களே கேளுங்கம்மா. ஷேவ் பண்ணிவிடுன்னா பிளேடு தீந்துபோச்சுங்கிறாரு. நானும் தாடியத் தடவிக்கிட்டே உக்காந்திருக்கேன். மளிகைக் கடையில உப்பு இல்லேன்னா நம்புவீங்களா நீங்க?"

மாஸ்டர் சிரித்தார். அவள் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். பிளேடு பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன.

அன்று மாலை வீட்டில் அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான். மரத்துப்போகிறதா? மணிக்கட்டில் ஒரு குறுகலான வாசல் இருக்கிறது. விரல்களுக்குப் போகும் நரம்பு ஒன்று தசைநார்களோடு நெருக்கியடித்துக்கொண்டு அதன் வழியேதான் நுழைய வேண்டும். தையல்காரர்களுக்கும் தட்டச்சு செய்கிறவர்களுக்கும் முடிதிருத்துகிறவர்களுக்கும் அந்த வாசல் வீங்கி நரம்பை நெரித்துவிடும். விரல் மரத்துப்போகும், தசை வற்றும். சின்ன அறுவைசிகிச்சை, வாசலை அகலப்படுத்திவிட்டால் போதும். அப்படி எத்தனையோ பேரைப் பார்த்து அனுப்பியிருக்கிறாள். இதுவும் அதுவாக இருக்க வேண்டும்.

"மரத்துப்போகலியே" என்றார் மாஸ்டர்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. காலையில எந்திரிக்கிறப்போ? வண்டி ஓட்டுறப்போ?"

"இல்லடி."

"கொஞ்சம்கூடவா இல்ல?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீ கேக்குற வேகத்தப் பாத்தா, மரத்துப்போகலேன்னா அடிச்சாலும் அடிப்ப போல. சரி, லேசா மரத்துப்போகுது. போதுமா டாக்டரம்மா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார் என்று தெரிந்திருந்தும், அந்த 'லேசா'வை எடுத்து முடிந்துவைத்துக்கொண்டாள்.

பரிசோதனைக் கூடம் என்பது ஒரு கட்டில், ஓர் இயந்திரம், ஒரு சுடுநீர்ப் பை, அவ்வளவுதான். வருகிறவர்கள் பெரும்பாலும் புறங்கையில் தெரியும் நீலக் கோடுகளைக் காட்டி, "இந்த நரம்புதானேம்மா கோளாறு?" என்று கேட்பார்கள். அது ரத்தக் குழாய் என்று அவள் சொல்லித் திருத்துவதில்லை. நம் பேச்சில் குழாயும் நாரும் நரம்பும் எல்லாமே நரம்புதான். கண்ணில் படுவதற்கெல்லாம் அந்தப் பெயரைக் கொடுத்துவிட்டோம், கண்ணில் படாத அசலானதற்கு வேறு பெயர் மிச்சமில்லை. அவள் அறிந்த நரம்பு வேறு. முதுகுத்தண்டுக்குள் ஓர் உயிரணு குடியிருக்கிறது. அது தன் ஒற்றை இழையைத் தோள் வழியாக, முழங்கை வழியாக, கட்டைவிரலின் அடித்தசைவரைக்கும் நீட்டியிருக்கிறது. கண்ணால் காண முடியாத அணுவுக்கு ஒரு கை நீளத்துக்கு வால். அந்த இழையின்மேல் இடைவெளி விட்டு விட்டுக் கொழுப்பினால் ஓர் உறை. சேதி அந்த இடைவெளிகளில் கால்வைத்துத் தாவித் தாவி ஓடும். அவள் மின்சாரத்தால் மெல்லச் சுண்டிவிட்டு, சேதி எவ்வளவு நேரத்தில் போய்ச் சேர்கிறது, எவ்வளவு பலத்தோடு போய்ச் சேர்கிறது என்று பார்ப்பாள்.

அதற்கு முன் செய்தாக வேண்டியது ஒன்று உண்டு. கையைச் சூடாக்க வேண்டும். குளிரில் நரம்பு மந்தமாகிவிடும். ஆரோக்கியமான நரம்பும் நோயுற்றதுபோல் தாமதித்துப் பதில் சொல்லும். பயிற்சிக்கு வருகிற பெண்களிடம் அவள் முதல் நாளே சொல்கிற வாக்கியம் இது: "குளிர்ந்த கை பொய் சொல்லும். சூடு பண்ணாம ஒருத்தர் கையையும் நம்பாதீங்க." அடுத்து சொல்லிக்கொடுப்பது முகத்தை. திரையில் எது தெரிந்தாலும் முகத்தில் எதுவும் தெரியக் கூடாது. நோயாளி அலையைப் பார்ப்பதில்லை, நம் முகத்தைத்தான் பார்க்கிறார். அவர் என்ன கேட்டாலும் பதில் ஒன்றுதான்: டாக்டர் சொல்லுவாங்க. மாஸ்டர் இதற்கு 'லேப் மூஞ்சி' என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் அவள் எதையாவது மறைக்க முயன்றால், "இந்தா, லேப் மூஞ்சிய மாட்டிக்கிட்டு வந்துட்டா" என்பார். மறைக்க முடிந்ததே இல்லை. ஆயுள் முழுக்கக் கண்ணாடிக்குள் மனிதர்களின் முகங்களைப் பார்த்தே பேசி வந்தவர் அவர்.

அந்த வாரத்திலேயே ஒரு மதிய இடைவேளையில் அவரை வரச் சொன்னாள். டாக்டரிடம் முறையாகப் போவதற்கு முன் தான் ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை; பயம் என்றும் சொல்லலாம். மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சட்டைக் கைகள் நனைந்து ஒட்டியிருந்தன. கட்டிலில் உட்கார்ந்து சுற்றும்முற்றும் பார்த்து, "நாற்காலி சுத்துமா? சாய்மானம் இருக்கா? ஒண்ணும் இல்லாம என்ன கடை நடத்துற?" என்றார். அவள் சிரித்துக்கொண்டே அவருடைய ஆள்காட்டி விரலில் கம்பி வளையங்களை மாட்டினாள். விரல் ஜில்லென்றிருந்தது. அந்தக் குளிர்ச்சி தன் விரல்களில் ஏறியதை அவள் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப்பார்த்தாள். தொட்டபோது தெரிந்திருக்கிறது, தெரிந்தது அறிவுக்குப் போய்ச் சேரவில்லை. கதவுக்கு வெளியே யாரோ நடந்துபோனார்கள்; சீக்கிரம் முடிக்க வேண்டும். சுடுநீர்ப் பை அதன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

மணிக்கட்டில் சுண்டினாள். அலை வந்தது. தாமதமாக வந்தது.

மறுபடியும் சுண்டினாள். மறுபடியும் தாமதம். கோடு சற்றுநேரம் தட்டையாகக் கிடந்து, பிறகு சோம்பல் முறிப்பதுபோல் எழுந்தது. பிறர் கையில் இந்த அலையைப் பார்த்தால் மனதுக்குள் ஒரு 'ஐயோ பாவம்' எழும். இன்று அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. தொட்டு உணர்கிற நரம்பிலேயே தாமதம் என்றால் மணிக்கட்டில்தான் கோளாறு. நெரிசல்தான். சுண்டுவிரலின் நரம்பையும் பார்த்து இரண்டையும் ஒப்பிட வேண்டும் என்பது பாலபாடம், ஒப்பிடவில்லை. கேட்டது கிடைத்துவிட்ட பிறகு யார் மறுபடியும் கேட்பார்கள்? மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த நோயாளியிடமும் சொல்லாததை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒருவரிடமும் சொல்லாததை, அவள் அன்று சொன்னாள்.

"மணிக்கட்டுல மாட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். சின்ன ஆபரேஷன். சரியாயிடும்."

"டாக்டர் சொல்லுவாங்கன்னு சொல்லலியே நீ?"

"நான்தான் சொல்றேன்ல?"

நனைந்த சட்டையோடு அவள் தோளில் ஒருகணம் தலையைச் சாய்த்துவிட்டு எழுந்துகொண்டார். அவ்வளவு நாளும் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது அந்தத் தலையின் கனத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்குத் தொலைபேசியில், "உங்கம்மா மிஷின் வச்சுப் பாத்துட்டா. கம்பி ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்காம். எலக்ட்ரீசியனக் கூப்பிட்டா சரியாயிடுமாம்" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் கண்ணாடி அலமாரியைத் திறந்து சவரக் கத்தியை எடுத்தார். வெறும் நெரிசல்தான் என்றால் கைக்கு எதற்கு இவ்வளவு செல்லம்?

டாக்டரின் முறையான பரிசோதனைக்கு நாள் கிடைத்தபோது அவள் உற்சாகமாகவே இருந்தாள். அறுவைசிகிச்சைக்கு அது ஒரு சடங்கு, அவ்வளவுதான். டாக்டர் அவளைவிட வயதில் இளைய பெண்மணி, நிதானமானவர், நோயாளியின் கையைத் தொடுவதற்குமுன் தன் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்கிற பழக்கம் உள்ளவர். "நீங்க ஆரம்பிங்க, நான் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனார். அவள் ஆணியிலிருந்து சுடுநீர்ப் பையை எடுத்து மாஸ்டரின் கைமேல் வைத்தாள். எல்லோருக்கும் செய்வது, கை தானாகச் செய்தது. "அன்னைக்கு இந்த மரியாதையெல்லாம் இல்லையே" என்றார் மாஸ்டர்.

அவள் பையைப் பிடித்தபடியே நின்றாள்.

அன்றைக்கு இல்லை. மழை, நனைந்த சட்டை, ஜில்லென்ற விரல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. கை சூடேறுகிறவரைக்கும் காத்திருந்த அந்த நேரத்தில் அவள் செய்த பிரார்த்தனை விசித்திரமானது. தாமதமாகட்டும். சூடேறிய பிறகும் தாமதமாகவே இருக்கட்டும். கெட்டுப்போன அலையைக் காட்டு. வளையங்களை மாட்டிச் சுண்டினாள். அலை உடனே எழுந்தது. ஊசிமுனைபோல் கூராக, நேராக, பாடப்புத்தகத்தில் அச்சிட்டதுபோல். சுண்டுவிரலில் பார்த்தாள். அதிலும் அப்படியே. காலில் பார்த்தாள். அதுவும். தொட்டால் உணர்கிற நரம்புகள் அத்தனையும் பழுதில்லாமல் இருந்தன. அதற்குப் பிறகு, தசையை அசைக்கிற நரம்பைச் சுண்டிக் கட்டைவிரல் மேட்டில் பதிவு செய்தாள். சேதி நேரத்துக்குத்தான் வந்தது. ஆனால், திருவிழாக் கூட்டத்தை எதிர்பார்த்துத் திறந்த கதவு வழியே நாலு பேர் மட்டும் உள்ளே வந்ததுபோல், அலை குட்டையாக எழுந்து படுத்துவிட்டது.

உணர்வதில் குறை இல்லை, அசைப்பதில்தான் குறை. இந்த ஒரு வரி எங்கே கொண்டுபோய் விடும் என்று அவளுக்குத் தெரியும். கோளாறு வாசலில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. முதுகுத்தண்டுக்குள் குடியிருக்கும் அந்த உயிரணுக்களே ஒவ்வொன்றாக இறந்துகொண்டிருக்கின்றன. அதை நிறுத்த மருந்து இல்லை; கையில் தொடங்கிக் கால், நாக்கு, கடைசியில் மூச்சு என்று போகும். ஓர் அணு இறந்தால் அதன் இழை வாடிவிடும்; அதை நம்பியிருந்த தசைநார்கள் அனாதையாகும். அக்கம்பக்கத்து நரம்புகள் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை. தங்கள் இழையிலிருந்து கிளைவிட்டு அந்த அனாதைகளையும் சேர்த்துக்கொள்கின்றன, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் சேர்த்து உலை வைப்பதுபோல. உடம்பு இப்படி ஒட்டுப்போட்டுச் சமாளித்துக்கொண்டிருக்கும் வரை வெளியே ஒன்றும் தெரியாது. சேர்த்துக்கொண்டவையும் சாகத் தொடங்கும்போதுதான் புறங்கையில் பள்ளம் விழும். கத்திரி காற்றை வெட்ட மறக்கும்.

டாக்டர் வந்து மெல்லிய ஊசியைத் தசைக்குள் செருகி ஒலிபெருக்கியைத் திறந்தார். சும்மா இருக்கும் தசை மௌனமாக இருக்க வேண்டும். நரம்பை இழந்த தசை தானாகத் துடிக்கும் சடசடப்பு அறை முழுக்க நிரம்பியது.

"என்ன டாக்டர், தகரக் கூரையில மழை பேயுற மாதிரி இருக்கு? ரேடியோ ஸ்டேஷன் சரியாப் புடிக்கலியா?"

டாக்டர் லேசாகப் புன்னகைத்தார். தோளில் செருகினார்; மழை. தொடையில் செருகினார்; அங்கும் மழை. நோயே தெரியாத காலில் அந்த ஓசை எழுந்தபோது அவள் இயந்திரத்தின் திருகைப் பிடித்துக்கொண்டாள். "வாயைத் திறந்து நாக்க வெளிய நீட்டாம, உள்ளேயே சும்மா வைங்க" என்றார் டாக்டர்.

"என் நாக்கு சும்மா இருந்து என் பொண்டாட்டியே பாத்ததில்ல டாக்டர்" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வாயைத் திறந்தார். டாக்டர் டார்ச் அடித்தார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். சும்மா வைத்திருந்த நாக்கின் மேற்பரப்பு, அடியில் மீன்குஞ்சுகள் அலையும் குளம்போல், ஓயாமல் சிலிர்த்துக்கொண்டிருந்தது.

மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கடையில் ஆள் காத்திருக்கும். "ஆபரேஷன் எப்பன்னு கேட்டுட்டு வந்துடு" என்று வாசலில் நின்று சொன்னவர் அவள் முகத்தைப் பார்ப்பதற்குள், அவள் இயந்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரத்தம், ஸ்கேன் எல்லாம் எடுக்கத்தான் போறோம்" என்றார் டாக்டர். "ஆனா உங்ககிட்ட நான் சுத்தி வளைச்சுப் பேச முடியாதில்லையா?"

"தெரியுது மேடம்."

"அவரை வரச் சொல்லுங்க. நானே சொல்றேன். நீங்க சொல்லணும்னு இல்ல."

"நான் ஏற்கெனவே ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன் மேடம்." அவள் மழை நாளைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது ஒரு மாணவி தன் தவறை ஒப்பிப்பதுபோல் குரல் தட்டையாக இருந்தது.

டாக்டர் டார்ச்சை மேசையில் வைத்தார். "நீங்க அன்னைக்குச் சரியாப் பாத்திருந்தாலும் நோய் இதேதான்."

"நோய் இதேதான் மேடம். அந்தச் சந்தோஷம் அவருக்கு வந்திருக்காது. அத நான்தானே குடுத்தேன்? திருப்பி வாங்குறதுக்கு வேற ஒருத்தர அனுப்ப முடியாதில்ல?"

பேருந்திலிருந்து இறங்கிக் கடைத்தெருவில் நடந்தபோது வெயில் சுள்ளென்றிருந்தது. எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தாள்; அடுக்கியது ஒவ்வொன்றும் சரிந்தது. கடைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்ததும் கால் நின்றுவிட்டது. நாற்காலியில் தபால்காரர் தலையை அண்ணாந்து சாய்ந்திருந்தார். முகமெல்லாம் நுரை. நுரைக்கு நடுவே குரல்வளை எலும்பு துருத்திக்கொண்டு ஏறி இறங்கியது. அதன்மேல் சவரக் கத்தி இருந்தது. மாஸ்டர் தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார், குழந்தையின் கையைப் பிடித்து எழுதவைப்பதுபோல். நாக்கின் நுனி உதட்டோரத்தில் நீண்டிருந்தது. அவர் இவ்வளவு கவனமாக வேலை செய்து அவள் பார்த்ததில்லை. வேலை செய்யும்போது அவர் பேசாமல் இருந்தும் பார்த்ததில்லை. கதவைத் தள்ள அவளுக்குப் பயமாக இருந்தது. கதவில் மணி உண்டு. மணி ஒலித்தால் கை திடுக்கிடும்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கத்தி குரல்வளையைத் தாண்டிக் கீழே இறங்கி, தாடைக்கடியில் மறுபடியும் ஏறியது. நுரைக்குள் சிவப்பு நூல் ஒன்று தோன்றிக் கிளைவிட்டது.

உள்ளே போனபோது மாஸ்டர் படிகாரக் கட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. தபால்காரர் கண்ணைத் திறக்காமலே, "என்னா மாஸ்டரு, பதிவுத் தபாலா? கையெழுத்துப் போட்டுட்ட?" என்றார்.

"நகராதீங்க பெரியவரே."

"நான் எங்க நகந்தேன்? நீதான் நகந்த."

முகம் துடைத்து, கண்ணாடியில் தாடையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு, பெரியவர் கிளம்பினார். வாசலில் அவளைக் கடக்கும்போது குரலைத் தணித்தார். "ஆபரேஷனச் சீக்கிரம் முடிச்சிடுங்கம்மா. ஷேவிங்குக்கு இப்ப நான் மட்டும்தான் உக்காருறேன். என் கழுத்து கிழட்டுக் கழுத்து, தாங்கும். நாளைக்கு வேற ஒருத்தன் வந்து உக்காந்தா அவரு மாட்டேன்னா சொல்லப் போறாரு? கை சரியாத்தான் இருக்குன்னு நெனைக்கிறாரே."

கதவு மணி அடங்கியது. அவள் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இருக்கையில் இன்னும் பெரியவரின் சூடு இருந்தது. பழக்கதோஷத்தில் மாஸ்டர் அவள் பின்னால் வந்து நின்றார். இருவரும் கண்ணாடிக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் தங்களை அறியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார்கள் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. நேருக்கு நேர் பார்த்துச் சொல்ல முடியாததைக் கண்ணாடியிடம் சொல்லிவிடலாமாம். அது நம் முகத்தோடு சேர்த்தே வாங்கிக்கொள்ளுமாம்.

"என்ன, லேப் மூஞ்சியோட வந்திருக்க?" என்றார்.

"அன்னைக்கு உங்க கை குளிர்ந்திருந்துச்சு."

"என்னைக்கு?"

"மழை பேஞ்ச அன்னைக்கு. குளிர்ந்த கையில பாத்தா தப்பாக் காட்டும். நான் சூடு பண்ணாமப் பாத்துட்டேன். நான் சொன்னது தப்புங்க."

அவர் கத்தியை மடக்க முயன்றார். கட்டைவிரல் ஒத்துழைக்கவில்லை. தொடையில் வைத்து அழுத்தி மடக்கினார். அதைப் பார்க்காததுபோல் இருக்க அவள் முயலவில்லை.

"அப்போ மணிக்கட்டு இல்ல."

"இல்ல."

"வேற எங்க?"

"முதுகுத்தண்டுக்குள்ள. நரம்பு கெளம்புற எடத்துல."

"அங்க ஆபரேஷன் பண்ணுவாங்களா?"

கண்ணாடியில் தன் முகம் மாறுவதை அவள் பார்த்தாள். இத்தனை வருடம் பழக்கிய முகம் தானாக எழுந்து வந்து மூடிக்கொள்ளப் பார்த்தது. நாக்கின் நுனிவரை அந்த வாக்கியமும் வந்துவிட்டது. டாக்டர் சொல்லுவாங்க. பயிற்சிப் பெண்களுக்கு அவள் கற்றுக்கொடுத்த கேடயம் அது. கேடயத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு யாரையும் தொட முடியாது என்பதை மட்டும் கற்றுக்கொடுத்ததில்லை. வாக்கியத்தை விழுங்கினாள். முகத்தை அது போனபடி போக விட்டாள். அது அவள் பார்த்தேயிராத விதமாக, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு உடைந்தது.

"இல்லீங்க" என்றாள். "பண்ண மாட்டாங்க."

அவர் மடக்கிய கத்தியை இழுப்பறைக்குள் வைத்து மூடப் பார்த்தார். இழுப்பறை பாதியில் நின்றுகொண்டது, இடுப்பால் தள்ளினார். "பெரியவருக்கு வெட்டுப்பட்டப்போ எனக்குத் தெரிஞ்சுது" என்றார். "இல்ல, முன்னாடியே தெரியும். நீ சொன்னியா, அதனால தெரியலேன்னு வச்சுக்கிட்டேன்." அதில் குற்றச்சாட்டு இல்லை. அது இல்லாததுதான் அவளைக் குத்தியது.

அவள் எழுந்து மூலையிலிருந்த நீராவிப் பெட்டியைத் திறந்தாள். சவரத்துக்கு முன் முகத்தில் வைக்கிற சின்னத் துண்டுகள் உள்ளே சுருட்டி அடுக்கியிருந்தன. ஒன்றை எடுத்து உதறினாள், ஆவி பறந்தது. அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வலது கையை எடுத்து, பள்ளம் விழுந்த இடம் மறைகிற மாதிரித் துண்டைச் சுற்றினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எதற்கு என்று அவளுக்கும் தெரியாது. பரிசோதனை முடிந்துவிட்டது. இனி சூடாக்கி ஆகப்போவது ஒன்றுமில்லை.

"சூடு போதுமா?" என்று கேட்டாள். அவர் வாடிக்கையாளர்களிடம் கேட்கிற கேள்வி.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும்." பிறகு, சற்றுக் கழித்து, "தொட்டா தெரியுறது போயிடுமா?" என்றார்.

"போகாது. அது கடைசி வரைக்கும் அப்படியேதான் இருக்கும்."

"எல்லாம் தெரியும்?"

"எல்லாம்."

அவர் தலையாட்டிக்கொண்டார். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எடைபோடுகிறவரைப்போல் கொஞ்சநேரம் தலை ஆடிக்கொண்டே இருந்தது. நீராவிப் பெட்டியை மூட அவள் மறந்திருந்தாள். ஆவி கண்ணாடியில் படிந்து, கீழ் விளிம்பிலிருந்து மேலேறி, முதலில் நாற்காலியின் கைப்பிடிகளையும் பிறகு அவர் மார்பையும் மறைத்தது. துண்டு மெல்ல ஆறத் தொடங்கியது. அவள் அதை எடுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே அதைப் பொத்திப் பிடித்திருந்தாள். ஈரத் துணிக்கு அடியில், யாரும் கட்டளையிடாமலேயே, அவருடைய தசை சின்னச் சின்னதாகத் துள்ளித் துள்ளி அவள் கையில் தட்டிக்கொண்டிருந்தது.